பட்டி உதிர்ந்த சுவர்

வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க வருகிறவர் முதல் நாள் பெயிண்ட் டப்பாவைத் தொடுவதே இல்லை. ஆணி பிடுங்கிய ஓட்டை, பிள்ளைகள் காம்பஸ் முனையால் கதவில் கீறிய பெயர், எல்லாவற்றுக்கும் பட்டி பார்ப்பார். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். அதற்குமேல் இரண்டு கோட்டிங் ஏறினால் கீறியவன் பெயர் போன இடம் தெரியாது. ஆனால் எண்ணெய் குழைத்த பழங்காலப் பட்டிக்கு ஒரு குணம் உண்டு. வருஷம் ஆக ஆக இறுகிச் சுருங்கும், பள்ளத்தின் ஓரத்தை விட்டு விலகும், வெடிக்கும். கவனிக்க ஆளில்லாத கட்டடத்தில் வருஷக்கணக்கில் விட்டால் துண்டு துண்டாக உதிர்ந்து, எந்தக் கீறலை மூடுவதற்காக வைத்தார்களோ அதையே திறந்து காட்டிவிடும்.

1970ல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள ஏஞ்சல் தீவில் இதுதான் நடந்தது. தீவு அப்போது மாநிலப் பூங்கா. அங்கே பாழடைந்து நின்ற மரக்கட்டடம் ஒன்றை இடித்துவிடுவதாகத் திட்டம். அலெக்ஸாண்டர் வைஸ் என்ற பூங்காக் காவலர் டார்ச் லைட்டோடு உள்ளே போனார். பெயிண்ட் உரிந்த சுவரில் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் சீன எழுத்து. மேலதிகாரிகளிடம் சொன்னார், அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் உயிரியல் சொல்லிக்கொடுத்த ஜார்ஜ் அராக்கியிடம் சொன்னார். அராக்கியின் அம்மாவே அந்தத் தீவு வழியாக வந்தவர். மாக் டாகஹாஷி என்ற புகைப்படக்காரரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவர்களைப் படமெடுத்தார். கட்டடத்தைக் காப்பாற்ற 1976ல் கலிபோர்னியா சட்டசபை 2,50,000 டாலர் ஒதுக்கியது.

சுவரில் இருந்தவை கவிதைகள். நான்கு வரி, எட்டு வரி. வரிக்கு ஐந்து எழுத்து அல்லது ஏழு எழுத்து. வெண்பாவுக்குத் தளை பார்ப்பது போல, அவர்கள் மரபிலும் எண்ணிக்கை பிசகக் கூடாது. எழுதியவர்கள் பெரும்பாலும் பெயர் போடவில்லை. முதலில் மையால் எழுதினார்கள். நிர்வாகம் பெயிண்ட் அடித்தது. அப்புறம் கத்தியால் செதுக்கினார்கள். நிர்வாகம் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தது. அந்தப் பட்டியும் பெயிண்டும்தான் கடல் காற்று பட்டு மரம் அரித்துப்போகாமல் எழுத்தைக் காப்பாற்றின. அழிக்க வந்த கைகள் அறியாமலே செய்துவிட்ட பராமரிப்பு வேலை அது.

அந்தக் கட்டடம் என்ன, யார் அதில் அடைபட்டுக் கிடந்தார்கள், ஏன் எழுதினார்கள் என்பதை 1969க்கு முன் அமெரிக்காவில் எந்தக் கல்லூரியிலும் படிக்க முடியாது. அதைப் படிப்பதற்கென்று ஒரு துறையையே சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. எத்னிக் ஸ்டடீஸ் என்று அதற்குப் பெயர். நம் ஊரில் 'எத்னிக்' என்றால் ஜவுளிக்கடையில் குர்தா தொங்கும் பக்கம். 'இனவியல்' என்று எழுதலாமென்றால், மண்டையோட்டை அளந்த பழைய காலத்து மானிடவியல் ஞாபகத்துக்கு வருகிறது. இனத்துவக் கல்வி என்று வைத்துக்கொள்வோம்: ஒரு நாட்டில் சிறுபான்மையாக வாழ்கிற மக்களின் வரலாற்றை, அவர்களை ஆண்டவர்களின் குறிப்பேட்டை மட்டும் நம்பாமல், அவர்கள் பக்கத்திலிருந்தும் எழுதுகிற படிப்பு. சொல்வது சுலபம். அவர்கள் பக்கத்தில் எழுத்தே இல்லாதபோது, இருக்கிற எழுத்தெல்லாம் எதிராளி எழுதியதாக இருக்கும்போது, என்ன செய்வது? ஏஞ்சல் தீவு இதற்குச் சொன்ன பதில் விசித்திரமானது.

கதை 1882ல் தொடங்குகிறது. தங்கம் தோண்டவும் ரயில் பாதை போடவும் வந்த சீனர்கள் மீது கசப்பு முற்றி, சீனத் தொழிலாளர் எவரும் இனி நுழையக் கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டது. வியாபாரி, மாணவர், ஆசிரியர், தூதர் போன்றவர்களுக்கு மட்டும் விலக்கு. இதில் ஒரு சந்து இருந்தது. அமெரிக்க மண்ணில் பிறந்தவன் சீனனாக இருந்தாலும் குடிமகன்தான் என்று 1898ல் வோங் கிம் ஆர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடிமகனின் பிள்ளை சீனாவில் பிறந்தாலும் குடிமகன். அப்படியானால் பிறப்புச் சான்று இருந்தால் போதும். அந்தச் சான்றுகளெல்லாம் சான் பிரான்சிஸ்கோ நகர மன்றத்தில் இருந்தன.

1906 ஏப்ரல் 18 விடிகாலை பூகம்பம். அடுத்து மூண்ட தீ நாள்கணக்கில் எரிந்தது. நகர மன்றமும் போச்சு, பிறப்புப் பதிவேடுகளும் போச்சு.

'நான் இங்கேதான் பிறந்தேன், பத்திரம் எரிந்துவிட்டது' என்று ஒருவர் சொன்னால் மறுக்க அரசிடம் தாள் இல்லை. அப்படிக் குடிமகன் ஆனவர் ஊருக்குப் போய் மனைவியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, 'மகன் பிறந்திருக்கிறான்' என்று துறைமுகத்தில் பதிந்து வைப்பார். அடுத்த முறை இன்னொரு மகன். பதிவேட்டை நம்பினால் அந்தக் கிராமங்களில் பெண் குழந்தை பிறப்பதே அபூர்வம். பிறக்காத அந்த மகனின் இடம் ஒரு சொத்து. தம்பி மகனுக்குக் கொடுக்கலாம். பக்கத்து ஊர்க்காரனுக்கு விற்கலாம். வயதுக்கு 100 டாலர் என்பது சந்தையில் வழங்கிய கணக்கு. பதினாறு வயதுப் பையன் என்றால் 1,600. வாங்கியவன் அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தின் பெயரில், அந்த அப்பாவின் மகனாக, காகிதத்தில் வாழ்ந்தாக வேண்டும். காகித மகன் என்றுதான் அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

அரசுக்கு இது தெரியாமலில்லை. 1910 ஜனவரியில் ஏஞ்சல் தீவில் குடியேற்ற நிலையம் திறந்தது. 1940 வரை அங்கே வந்துபோனவர்கள் சுமார் 5 லட்சம். அதில் 1 லட்சம் பேர்போலச் சீனர். ஜப்பானியர், ரஷ்யர், கொரியர் எல்லாரும் உண்டு. இந்தியர்கள் 8,000 பேர் அளவில், அநேகமாகப் பஞ்சாபிகள். சீக்கியரோ முஸ்லிமோ, பதிவேட்டில் எல்லோரும் 'இந்து'. மற்றவர்களுக்குச் சில நாள் தங்கல். சீனர்களுக்கு வாரம், மாதம். ஒரு பெண் 600 நாளை நெருங்கி அங்கே இருந்திருக்கிறார். முதல் தடை மருத்துவப் பரிசோதனை. மலத்தில் கொக்கிப்புழு முட்டை இருந்தால் உள்ளே விடக் கூடாது என்று 1910ல் விதி வந்தது. வெறுங்காலோடு வயலில் இறங்குகிற எந்த ஆசிய விவசாயிக்கும் இருக்கக்கூடிய புழு அது, மருந்து கொடுத்தால் போய்விடும். யாரைத் தடுப்பது என்று தீர்மானித்துவிட்டு நோயைத் தேடினார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது தடை விசாரணை. இரண்டு அதிகாரிகள், ஒரு சுருக்கெழுத்தர், ஒரு மொழிபெயர்ப்பாளர். எதிரே பையன். அவனைத் தனியாக, அவன் அப்பாவைத் தனியாக, அண்ணன் என்று யாராவது இருந்தால் அவரையும் தனியாகக் கேட்பார்கள். உங்கள் வரிசையில் எத்தனை வீடு? மூன்றாவது வீட்டில் யார்? அரிசிக் குதிர் எந்த மூலையில்? மாடிக்கு எத்தனை படி? கிணறு எந்தத் திசை? பாட்டியைப் புதைத்தது எங்கே? வீட்டில் கடிகாரம் உண்டா? நாய் உண்டா? நூற்றுக்கணக்கில் கேள்வி, இரண்டு மூன்று நாள். பதில்கள் பொருந்தாவிட்டால் அடுத்த கப்பலில் திரும்ப வேண்டியதுதான்.

இதைப் படித்த அன்று இரவு அக்காவுக்கு போன் போட்டேன். எங்கள் ஆச்சி வீடு கோவில்பட்டிப் பக்கம். சின்ன வயதில் ஒவ்வொரு லீவும் அங்கேதான். மச்சுப்படி எத்தனை என்றேன்.

"பதினொண்ணு. எதுக்குடா?"

"ஒம்பதுன்னு ஞாபகம்."

"கீழ ரெண்டு கல்லுப் படி கிடந்துச்சே, அத விட்டுட்டியா?"

நெல்லுக் குலுக்கை எங்கே என்றால், அவள் தெக்குப் பத்தியில் என்கிறாள்; எனக்கு அது அடுக்களைக் கதவுக்குப் பக்கம். கிணறு விஷயத்தில் இரண்டு பேருக்கும் லேசாகக் கோபமே வந்துவிட்டது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் நாங்கள். ஏஞ்சல் தீவாக இருந்தால் ஒருத்தராவது கப்பலேறியிருப்போம். உண்மையான மகன்களும் இப்படித் தோற்றுத் திரும்பியிருக்கிறார்கள். ஆகவே உண்மையான மகனும் ஒப்பிக்க வேண்டியிருந்தது.

ஒப்பிக்க ஒரு புத்தகம் இருந்தது. கேள்வியும் பதிலுமாக எழுதி, கூடவே ஊர்ப்படம் வரைந்து, அமெரிக்காவிலிருந்து ஊருக்கு அனுப்புவார்கள். கப்பலில் வரும் வாரங்களில் அதை உருப்போட்டு, கரை தெரியும் முன் கடலில் எறிந்துவிட வேண்டும். அதையும் மீறி ஒரு பதில் பிசகினால், தீவின் சமையல்காரர்கள் இருந்தார்கள். அவர்களும் சீனர்கள். லீவு நாளில் நகரத்துக்குப் போய்வருகிறவர்கள் துண்டுச்சீட்டோடு திரும்பி, சாப்பாட்டு நேரத்தில் கைமாற்றுவார்கள்.

போர்க்காலத்தில் சீனா நட்பு நாடானதும் 1943ல் தடைச் சட்டம் ரத்தானது. வருஷத்துக்கு 105 பேர் வரலாம் என்றார்கள். ஆனால் காகித மகன்களின் பயம் ரத்தாகவில்லை. 1956ல் அரசு 'உண்மையை ஒப்புக்கொள்ளுங்கள், வழி செய்கிறோம்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒருவர் ஒப்புக்கொண்டால் அந்தக் காகிதக் குடும்பம் முழுக்க அம்பலமாகும். அண்ணன் சொன்னதில் தம்பி மாட்டினான். அந்தத் தலைமுறை வாயை இறுக்கி மூடிக்கொண்டது, பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனபோது காலம் மாறியிருந்தது. 1968 நவம்பர் 6ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் கறுப்பின, ஆசிய, லத்தீன், பூர்வகுடி மாணவர்கள் சேர்ந்து ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். எங்கள் வரலாறு பாடத்திட்டத்தில் எங்கே என்பது கேள்வி. டிசம்பர் தொடக்கத்தில், அப்போதுதான் பொறுப்பேற்றிருந்த கல்லூரித் தலைவர் ஹயகாவா ஒலிபெருக்கி வண்டிமேல் ஏறி வயரைப் பிடுங்கி எறிந்தார். தொழிலால் அவர் மொழியியலாளர், சொற்பொருள் பற்றிப் பேர்பெற்ற புத்தகம் எழுதியவர். பேச்சைப் பற்றி எழுதியவரே மைக் வயரைப் பிடுங்கினார். ஸ்டிரைக் மார்ச் வரை நீண்டது. முடிவில் இனத்துவக் கல்விக்கென்று தனிப் பள்ளி ஒன்றைக் கல்லூரி ஒத்துக்கொண்டது. பக்கத்து பெர்க்லியிலும் அந்த வருஷமே ஒரு துறை வந்தது.

துறை வந்துவிட்டது, சொல்லிக்கொடுக்க ஆள்? சீன அமெரிக்க வரலாற்றில் பட்டம் வாங்கியவர் எவருமில்லை. பட்டம் கொடுக்க இடமே இல்லையே. 1969ல் அந்த வகுப்பை எடுத்த இருவரில் ஒருவர் ஹிம் மார்க் லாய், மெக்கானிக்கல் இன்ஜினியர். பெக்டெல் கம்பெனியில் வேலை. மற்றவர் பிலிப் சோய், கட்டடக் கலைஞர். பாடப்புத்தகம் கிடையாது, வரலாற்றுச் சங்கத்துக்காரர்களோடு சேர்ந்து தாங்களே தொகுத்த குறிப்புகளை வைத்துக்கொண்டு நடத்தினார்கள். அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் நடந்த முதல் சீன அமெரிக்க வரலாற்றுப் பாடம் அதுதான் என்கிறார்கள். லாய் கடைசிவரை முழுநேரப் பேராசிரியர் ஆகவில்லை. பகலில் இயந்திர வரைபடம், மிச்ச நேரத்தில் பழைய சீனப் பத்திரிகை, சங்கங்களின் மலர்கள், துண்டறிக்கைகள். அவர் சேர்த்தது பெட்டி பெட்டியாக இப்போது பெர்க்லியின் இனத்துவக் கல்வி நூலகத்தில் இருக்கிறது. 2009ல் அவர் காலமானபோது அந்தத் துறைக்கே முன்னோடி என்றார்கள். இன்ஜினியர் புத்தி இதற்கு உதவியிருக்க வேண்டும். யார் சொன்னது என்று பார்ப்பதற்கு முன் எந்த அளவு எதோடு பொருந்துகிறது என்று பார்க்கிற பழக்கம் அது.

அவர் பெயரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லாய் என்பது அவர் அப்பா காகிதத்தில் வாங்கிய குடும்பப் பெயர். உண்மையான குலப்பெயர் மார்க். அரசாங்கத்துக்கு லாய், நடுவில் மார்க்கை ஒளித்து வைத்து மகனுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். அவரோடு சேர்ந்து ஏஞ்சல் தீவுக் கவிதைகளை மொழிபெயர்த்த ஜூடி யங்கின் கதையும் இதுவே. அவர் அப்பா 1921ல் யங் என்ற பெயரில் இறங்கியவர். பிறந்த குலம் டாம். மூன்றாமவர் கவிஞர் ஜென்னி லிம், அவரும் அந்தத் தீவு வழி வந்த குடும்பம். ஆய்வாளர் வெளியே நின்று ஆராய வேண்டும் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். இவர்கள் ஆராய்ந்த பொய்யோ, இவர்கள் கையெழுத்திலேயே இருந்தது.

சுவரை வாசிப்பது முதல் வேலை. கல்வெட்டு வாசிக்கிறவர்கள் உச்சிவெயிலில் போக மாட்டார்கள். வெயில் சாயட்டும் என்று காத்திருப்பார்கள். பள்ளத்தில் நிழல் விழுந்தால்தான் எழுத்து எழும். ஏஞ்சல் தீவுச் சுவருக்கும் அதுவே விதி. ஆனால் பல அடுக்கு பெயிண்டுக்கு அடியில் பாதி எழுத்து தேய்ந்திருந்தது. அதிர்ஷ்டவசமாக, 1931லும் 1932லும் அங்கே அடைபட்டிருந்த இரண்டு பேர், ஸ்மைலி ஜானும் டெட் யீயும், சுவரிலிருந்தவற்றைத் தனித்தனியே நோட்டில் படியெடுத்துக்கொண்டு கரையேறியிருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் 90க்கு மேல். நம் ஏட்டுச்சுவடிப் பதிப்பாளர்கள் செய்வதுபோலப் பிரதியும் சுவரும் ஒப்பிட்டு, விட்டுப்போன எழுத்தைப் பூர்த்தி செய்தார்கள். ஒரு கவிதைக்கு இன்னொருவர் அதே இயைபில் பதில் எழுதியிருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. முகம் பார்க்காத இரண்டு பேர் சுவர் வழியே பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். 135 கவிதைகளோடு 'ஐலண்ட்' நூல் 1980ல் வந்தது. பதிப்பகம் கிடைக்காமல் தாங்களே அச்சிட்டார்கள்.

அதே நூலுக்காகப் பெரியவர்களைப் பேட்டி கண்டார்கள். நாற்பது வருஷம் கழித்தும் பயம் போகவில்லை. சொந்தப் பெயர் வராது என்ற உறுதியின்பேரில்தான் பலர் வாய் திறந்தார்கள். யங்குக்குத் தன் அப்பாவின் தீவு நாட்களே அந்த வேலையில் இறங்கிய பிறகுதான் தெரியவந்தது. நூலகராக இருந்தவர் பிறகு பெர்க்லியில் முனைவர் பட்டம் வாங்கி, சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் பதினான்கு வருஷம் போலப் பாடம் நடத்தினார்.

இதற்குள் இன்னொரு சுவர் திறந்தது. சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே சான் புரூனோவில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருக்கிறது. தீவில் விசாரிக்கப்பட்டவர்களின் கோப்புகள் லட்சக்கணக்கில் அங்கே. ஒவ்வொன்றிலும் புகைப்படம், சுருக்கெழுத்தர் எடுத்த கேள்வி பதில் முழுதும், சிலவற்றில் கையால் வரைந்த ஊர்ப்படம். பொய்யைப் பிடிக்க உண்டாக்கிய காகிதம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு தென்சீனக் கிராமத்தில் எத்தனை வீடு, எந்த வீட்டுத் தரையில் செங்கல், எதில் மண், கோயில் எந்தப் பக்கம், சந்தை எந்தக் கிழமை, பெண்கள் பாதம் கட்டியிருந்தார்களா என்று இவ்வளவு நுணுக்கமாக வேறு யார் எழுதி வைத்தார்கள்? அன்பால் யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். சந்தேகம்தான் படியை எண்ணியது. ஒரே ஊரிலிருந்து வந்தவர்களின் கோப்புகளை வரிசையாக வைத்தால் ஊர் தெருத்தெருவாக எழுந்து நிற்கும்.

பொய்ச் சாட்சியை எப்படி நம்புவது? இங்கேதான் வேலையின் ருசி. விற்கப்பட்ட மகன்தான் கற்பனை; விற்றவனின் வீடும் கிணறும் நிஜம். நிஜமில்லாவிட்டால் இரண்டு பேர் சொன்னது பொருந்தாதே. ஆக உறவைச் சொல்லும் வரியைச் சந்தேகப்படு, படியைச் சொல்லும் வரியை எடுத்துக்கொள். அப்புறம் ஒப்புதல் திட்டத்தில் கொடுத்த வாக்குமூலம், குலமரபுப் புத்தகம், கல்லறை என ஒவ்வொன்றோடும் ஒப்பிடு. கல்லறை சுவாரஸ்யமானது. சான் பிரான்சிஸ்கோவின் பிணங்களுக்கென்றே ஆன ஊர் கோல்மா. உயிரோடிருப்பவர்களைவிடப் புதைந்திருப்பவர்கள் பல மடங்கு. அங்குள்ள சீன இடுகாடுகளில் ஒரே கல்லில் ஆங்கிலத்தில் ஒரு குடும்பப் பெயரும் சீனத்தில் வேறொன்றும் இருந்தால், காகித மகன் படுத்திருக்கிறார் என்று அர்த்தம். அதிகாரிக்கு ஆங்கிலம், முன்னோர்களுக்குச் சீனம்.

பெண்கள் விஷயத்தில் சுவர் உதவாது. அவர்கள் தங்கிய பகுதி நிர்வாகக் கட்டடத்தில் இருந்தது. 1940 ஆகஸ்டில் அது எரிந்துபோனது, சுவரில் எது இருந்ததோ அதுவும் சேர்த்து. ஆகவே யங் வேறு வழி பார்த்தார். அவர் அம்மா 1941ல் வந்தவர். தீவு மூடியிருந்ததால் நகரத்தில் வைத்து விசாரித்தார்கள். அவருக்காகக் கணவர் எழுதி அனுப்பிய ஒப்பிக்கும் புத்தகம் கடலில் போகவில்லை, மகள் கையில் கிடைத்தது. ஒரு கையில் அந்தப் புத்தகம், இன்னொரு கையில் அரசின் விசாரணைக் கோப்பு. வினாத்தாளும் விடைத்தாளும் இரண்டு திசையிலிருந்து வந்து சேர்ந்தாற்போல. 1999ல் அவர் வெளியிட்ட ஆவணத் தொகுப்பில் அந்தப் புத்தகத்துக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது. கணவன் மனைவிக்கு எழுதிய காகிதம்தான் அது. ஆனால் ஒரு வார்த்தை மாறினாலும் ஆள் திரும்பிப் போக வேண்டும்.

இந்தத் துறைக்குப் பகை இன்னும் உண்டு. அரிசோனாவில் 2010ல் வந்த சட்டத்தால் டூசான் பள்ளிகளில் மெக்சிக அமெரிக்கப் பாடம் நின்றது. 2017ல் நீதிமன்றம் அதைத் தவறென்றது. கலிபோர்னியாவோ 2020ல் தன் ஸ்டேட் பல்கலைக்கழகங்களில் எல்லா இளநிலை மாணவரும் இதில் ஒரு பாடம் எடுக்க வேண்டும் என்று ஆக்கியது. இந்த வகுப்புகளில் வழக்கமாகக் கொடுக்கும் பயிற்சி, வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பேட்டி எடுத்து வருவது. சீன வம்சத்துப் பேரப்பிள்ளைகள் சிலர் அங்கிருந்து சான் புரூனோவுக்குப் போய் விண்ணப்பத் தாளை நிரப்புகிறார்கள். வீட்டில் கேட்டு, தாத்தாவின் நிஜப் பெயரைப் பெருமையோடு எழுதுகிறார்கள். அந்தப் பெயரில் கோப்பு இருக்காது. அட்டவணை முழுக்கக் காகிதப் பெயர். தாத்தா எந்தப் பொய்யைச் சொல்லிக் கரையிறங்கினார் என்று தெரிந்தால்தான் அந்தப் பெட்டி மேஜைக்கு வரும். உள்ளே பதினாறு வயதில், முன்பின் தெரியாத ஒருவரின் மகனாக, புதுச் சட்டையில் அவர் உட்கார்ந்திருப்பார்.